வருசப் பிறப்புக்குப் பிள்ளையின் தலை: இரண்டு பின்னல், ஒரு கொண்டை, ஒரு முழம் பூ

சித்திரை வருசத்தன்று பிள்ளையின் தலை படும் பாடு கொஞ்சமல்ல. முதலில் மருத்துநீர், பிறகு முழுக்கு, புது உடுப்பு, கோயில், கைவிசேடம் வாங்க மாமி வீடு, சித்தப்பா வீடு, பின்னேரம் ஊஞ்சல். இத்தனைக்கும் மேலாக ஏப்ரல் வெயிலும் வாவிக்கரைப் புழுக்கமும். காலையில் கண்ணாடிக்கு முன்னால் எடுப்பாக இருந்த தலை, கோயில் வீதியைச் சுற்றி முடிவதற்குள் காதோரம் பிரிந்து, கொண்டை சரிந்து, பூச்சரம் தோளில் தொங்கும். பூவைக் குறை சொல்லிப் பயனில்லை. தலை நிற்குமா சரியுமா என்பது பூ வைப்பதற்கு முன்பே தீர்ந்துபோகிற காரியம். முடி எவ்வளவு காய்ந்திருந்தது, உச்சி எப்படிப் பிரித்தீர்கள், ஊசியை எந்தப் பக்கம் திருப்பிக் குத்தினீர்கள், இந்த மூன்றிலும்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே சொல்வது ஐந்து வயது தொடக்கம் பத்து வயது வரையான பிள்ளைக்கு, தோள் முதல் நடுமுதுகு வரை முடி இருந்தால் செய்யக்கூடியது. முன்னால் இரண்டு பக்கமும் தலையோடு ஒட்டிய பின்னல், பின்னால் உயரத்தில் ஒரு சின்னக் கொண்டை, அதைச் சுற்றி ஒரு முழம் மல்லிகை. கை பழகியவர்களுக்கு அரை மணி நேரம் போதும். புதிதாகச் செய்பவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே வருசத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு ஒரு பின்னேரம் பூ இல்லாமல் ஒருதரம் செய்து பார்த்துவிடுங்கள். எந்த இடத்தில் பிள்ளைக்குப் பொறுமை போகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

எடுத்து வைக்க வேண்டியவை

பெரிய பல் சீப்பு ஒன்று, வால் சீப்பு ஒன்று. வால் சீப்பு இல்லாவிட்டால் உச்சி பிரிக்க மூடி போட்ட பேனையின் முனை போதும். ஈர்க்கு வேண்டாம், தோலைக் கீறும். தண்ணீர் தெளிக்கும் சின்னப் போத்தல், ஒரு துவாய். பான்சிக் கடைகளில் பக்கற்றாக விற்கும் கண்ணாடி நிற மெல்லிய றப்பர் பான்ட் 4, துணி சுற்றிய தடித்தது 2. கறுப்புக் கிளிப் 8, இரண்டு கால் கொண்டை ஊசி 5. பூ ஒரு முழம்.

மரக்கறிக் கட்டில் வரும் மண்ணிற றப்பரை எடுத்துத் தலையில் போடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது முடியோடு ஒட்டிக்கொள்ளும், கழற்றும்போது முடியையும் அறுத்துக்கொண்டுதான் வரும். கண்ணாடி நிற றப்பரும் பழசானால் பிசுபிசுத்துப் போகும். போன வருசப் பக்கற் என்றால் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். பாதிப் பின்னலில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

கறுப்புக் கிளிப்பை உற்றுப் பாருங்கள். ஒரு கால் நேராக இருக்கும், மற்றது நெளிநெளியாக இருக்கும். நெளிந்த கால்தான் தலைத் தோலின் பக்கம் போக வேண்டும், முடியைப் பற்றிப் பிடிப்பது அதுதான். நிறையப் பேர் மாற்றிக் குத்திவிட்டு, கிளிப் வழுக்குகிறது என்று இன்னும் நாலைக் குத்துவார்கள். நுனியில் இருக்கும் சின்ன உருண்டை உதிர்ந்துபோன கிளிப்பைக் குப்பையில் போடுங்கள். அந்த முனை ஊசிதான்.

மருத்துநீரும் முழுக்கும்

மருத்துநீரில் துளசி, வில்வம், அறுகு, மாதுளம்பூ, மஞ்சள், மிளகு என்று பலதும் சேர்ந்து காய்ச்சப்பட்டிருக்கும். கோயிலிலிருந்து போத்தலில் வாங்கி வந்ததை அப்படியே பிள்ளையின் தலையில் ஊற்றினால், இலைத் துணுக்கும் தூளும் முடிக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். பின்னும்போது ஒவ்வொரு துணுக்கும் ஒவ்வொரு முடிச்சு. மெல்லிய வெள்ளைத் துணியில் ஒருதரம் வடித்துவிட்டு வையுங்கள். உச்சியில் வைத்துத் தலை முழுக்க விரலால் பரவ விட்டால் போதும், முடியின் நுனிவரை தோய்க்க வேண்டியதில்லை. கண்ணில் வழியாதபடி நெற்றியில் துவாயை மடித்துப் பிடியுங்கள், மிளகு சேர்ந்த நீர் எரியும். மஞ்சள் கறை பிடிக்கும் என்பதால் புது உடுப்புக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

முழுகும்போது ஷாம்பு கொஞ்சமாகப் போடுங்கள். முடியை வழுவழுப்பாக்கும் கண்டிஷனரை அன்றைக்கு வேரில் படவிடக் கூடாது, நுனியில் ஒரு கொட்டைப்பாக்களவு போதும். புதிதாகக் கழுவிய முடி பட்டுநூல் மாதிரி நழுவும், பின்னல் பிடி கொடுக்காது. மற்ற நாள் என்றால் முதல் நாளே முழுகவைத்துவிடலாம். வருசத்தன்று அது முடியாது. அதற்குக் கற்றாழை கைகொடுக்கும். ஒரு மடலை வெட்டி, வெட்டின பக்கம் கீழே பார்க்கப் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி வைத்தால் மஞ்சள் பால் வடிந்துவிடும். அந்தப் பால்தான் கடிக்கும். பிறகு உள்ளே இருக்கும் சோற்றை வழித்து, ஒரு தேக்கரண்டிக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு அடித்து வடித்துத் தெளிப்புப் போத்தலில் ஊற்றுங்கள். முதல் நாளே பிள்ளையின் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டுப் பூசிப் பாருங்கள். சிவந்தால் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

ஈரத் தலையில் பின்னாதீர்கள். இதைப் போல அடிக்கடி நடக்கும் பிழை வேறில்லை. ஈர முடி இழுத்தால் நீளும், காயும்போது சுருங்கும். ஈரமாக இருக்கும்போது சரியாக இருந்த பின்னல் ஒரு மணி நேரத்தில் இறுகி, பிள்ளை தலை இடிக்கிறது என்று அழத் தொடங்கும். ஈர முடி அறுவதும் சுலபம். துவாயால் பிசைந்து தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு முன்னால் இருத்தி, விரலால் கோதிக்கோதிக் காயவிடுங்கள். தொட்டால் குளிர்மை இருக்கலாம், ஆனால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

மருத்துநீர் வைத்து முழுகும் புண்ணியகாலம் சில வருசங்களில் இரவில் வரும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணிதமும் வேறு வேறு நேரம் சொல்லும். இரவு முழுகினால் அன்றிரவே இந்தத் தலையைச் செய்து படுக்கவைக்க வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, தளர்வான ஒற்றைப் பின்னல் போட்டுப் படுக்கவையுங்கள். காலையில் முடி மெல்ல நெளிந்திருக்கும். நெளிந்த முடி வழுக்காது, இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

எண்ணெய் மூன்று சொட்டுக்கு மேல் வேண்டாம். தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனிக்கு மட்டும் பூசுங்கள். வழிய வழிய எண்ணெய் வைத்துத் தலை இழுத்தால்தான் அழகு என்பது பள்ளிக்கூடத்து இரட்டைப் பின்னலுக்குச் சரி. இங்கே கிளிப் நழுவும், பூ கறுக்கும், கோயில் வீதிப் புழுதியெல்லாம் வந்து ஒட்டும்.

இருத்துவதும் உச்சி பிரிப்பதும்

பிள்ளையின் தலை உங்கள் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் கதிரையில் இருந்தால் பிள்ளை சின்னப் பலகையில், நீங்கள் நின்றால் பிள்ளை ஸ்டூலில். போன் கொடுத்து இருத்துவதென்றால் மடியில் கொடுக்காதீர்கள், கண் உயரத்தில் எதிலாவது சாத்தி வையுங்கள். மடியில் போன் இருந்தால் தலை குனியும். குனிந்த தலையில் கட்டிய முடி, நிமிர்ந்தவுடன் பிடரியில் தொய்ந்து மேடாகிவிடும்.

சிக்கு நுனியிலிருந்து எடுக்க வேண்டும். நுனியில் நான்கு விரல் அளவு இழுத்து முடிந்தபிறகு அதற்கு மேலே, பிறகு இன்னும் மேலே. இழுக்கும் இடத்துக்கு மேலே மற்றக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் வேர் இழுபடாது, பிள்ளை சிணுங்காது. பேனும் ஈரும் இருக்கிறதா என்று காதுக்குப் பின்னும் பிடரியிலும் இந்த நேரத்திலேயே பார்த்துவிடுங்கள். இருந்தாலும் இந்தத் தலையைச் செய்யலாம். சீப்பையும் கிளிப்பையும் மற்றப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனி உச்சி. வால் சீப்பின் முனையை மூக்கு நேருக்கு நெற்றியில் வைத்து, எடுக்காமல் ஒரே இழுவையாகத் தலையின் மேற்புறம் வரை கொண்டுபோங்கள். விட்டுவிட்டு இழுத்தால் கோணும். பிள்ளைக்கு விளையாட்டாக இருக்க வேண்டுமென்றால் நேர் உச்சிக்குப் பதில் நெளி உச்சி எடுங்கள். சீப்பின் முனை தோலைத் தொட்டபடியே இரண்டு சென்ரிமீற்றர் வலப்பக்கம், இரண்டு சென்ரிமீற்றர் இடப்பக்கம் என்று பாம்பு போகிற போக்கில் பின்னுக்கு வந்து, இரண்டு பக்கத்து முடியையும் விரலால் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. கோணல் தெரியாது என்பது கூடுதல் இலாபம். நேர் கோடு வராதவர்கள் தாராளமாக இதை எடுக்கலாம்.

அடுத்து ஒரு காதின் மேல் நுனியிலிருந்து தலைக்கு மேலாக மற்றக் காதின் மேல் நுனி வரை குறுக்கே ஒரு பிரிப்பு. இப்போது முன்னால் இரண்டு பகுதி, பின்னால் ஒன்று. பின்பகுதியைத் துணி றப்பர் ஒன்றால் சும்மா கட்டி ஒதுக்கிவிடுங்கள்.

பக்கப் பின்னல்

வலது பக்கத்தில் தொடங்குவோம். உச்சிக்கும் நெற்றிக்கும் சேரும் மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு முக்கோணமாக முடி எடுங்கள். நெற்றியோரத்தில் முளைத்திருக்கும் மெல்லிய குட்டை முடியை விட்டுவிடுங்கள். அதை இழுத்துச் சேர்த்தால் முதலில் பிய்வது அதுதான். எடுத்த முடியை மூன்று காலாகப் பிரியுங்கள்: முகத்துப் பக்கம் முன்கால், பிறகு நடுக்கால், பின்கால்.

முன்காலை நடுக்காலுக்கு அடியால் கொண்டுபோங்கள். இப்போது அது நடுவில் வந்துவிட்டது. பின்காலை அதற்கு அடியால் கொண்டுவாருங்கள், அதுவும் நடுவுக்கு வரும். இது முதல் சுற்று, முடி சேர்க்காமல். இரண்டாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அடியால் கொண்டுபோகும் முன், அந்தக் காலின் பக்கத்திலிருந்து ஒரு விரல் அகல முடியை எடுத்து அதோடு சேருங்கள். முன்காலுக்கு நெற்றிப் பக்கத்திலிருந்து, பின்காலுக்கு உச்சிப் பக்கத்திலிருந்து. ஒரு பக்கத்துக்கு ஐந்து ஆறு தரம் சேர்த்தால் முன்பகுதி முடி முழுவதும் உள்ளே வந்துவிடும்.

அடியால் என்பதைக் கவனியுங்கள். மேலால் கொண்டுபோனாலும் பின்னல் வரும், ஆனால் அது முடிக்குள் அமுங்கிப் படுத்துக்கொள்ளும். அடியால் பின்னினால் பின்னல் மேலே எழும்பி நிற்கும். மெல்லிய முடி உள்ள பிள்ளைக்கு இதுவே பின்னலை ஒன்றரை மடங்கு தடிப்பாகக் காட்டும். பூவும் பட்டும் இருக்கும் நாளில் எழும்பிய பின்னல்தான் எடுக்கும்.

கையைத் தலையோடு வைத்துக்கொள்ளுங்கள். தலைத் தோலிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் கை உயர்ந்தால், உயர்ந்த அளவுக்குப் பின்னல் தொய்யும். புதிய முடியைச் சேர்க்கும்போது அதை வேரிலிருந்து பின்னல்வரை விரலால் ஒருமுறை நீவி நேராக்கிவிட்டுச் சேருங்கள். நீவாமல் அள்ளிப் போட்டால் அந்த இடத்தில் வளையம் வளையமாகப் புடைக்கும். குட்டை முடி துருத்தினால் கற்றாழைத் தண்ணீரை உங்கள் விரலில் தெளித்துத் தடவுங்கள், தலையில் நேரே பீச்ச வேண்டாம். பிள்ளையின் முகம் எப்போதும் நேரே பார்க்கட்டும். வசதிக்காகப் பிள்ளையின் தலையைத் திருப்பினால் திருப்பின பக்கம் ஒரு இறுக்கம், மற்றப் பக்கம் ஒரு தளர்வு. நீங்கள்தான் சுற்றிப் போக வேண்டும்.

பின்னல் போகும் பாதை: நெற்றியோரமாக இறங்கி, காதுக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு, அங்கிருந்து பின்னுக்குத் திரும்பிக் கொண்டை வரப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். காதை உரசிக்கொண்டு போனால் தோடும் மாட்டலும் சிக்கும். சேர்க்க முடி இல்லாமல் போனபிறகு சாதாரண மூன்று கால் பின்னலாக நுனிவரை பின்னி, நுனிக்கு இரண்டு சென்ரிமீற்றர் முன்னால் மெல்லிய றப்பர் போடுங்கள்.

இடது பக்கம் இதே மாதிரி. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடப்பக்கப் பின்னல் பெரும்பாலும் கீழே இறங்கிவிடும். இரண்டு பின்னலும் புருவத்தின் வெளிநுனியிலிருந்து எத்தனை விரல் மேலே போகின்றன என்று அளந்து பாருங்கள். அரை விரல் வித்தியாசத்தை யாரும் காணமாட்டார்கள், ஒரு விரல் என்றால் படத்தில் தெரியும். அவிழ்க்க வேண்டியது கீழே போனதைத்தான், முழுவதையும் அல்ல.

கொண்டை

கொண்டையைப் பிடரியில் வைக்கும் ஆசை வேண்டாம். பிள்ளை ஓட்டோ சீற்றில் சாயும், மத்தியானம் பாயில் படுக்கும், கோயிலில் யாருடைய தோளிலாவது தூங்கும். பிடரிக் கொண்டை அத்தனைக்கும் இடைஞ்சல், முதலில் நசிவதும் அதுதான். நாடியிலிருந்து காதின் மேல் நுனி வழியாக ஒரு கோடு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது தலையின் பின்புறத்தில் போய் முட்டும் இடம்தான் கொண்டைக்குச் சரியான உயரம்.

ஒதுக்கி வைத்த பின்பகுதியை அவிழ்த்து, பிள்ளையின் நாடியைச் சற்று மேலே தூக்கச் சொல்லி, பிடரியிலிருந்து மேல்நோக்கித் தலை இழுத்து, அந்த இடத்தில் துணி றப்பரால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். நாடியை இறக்கச் சொல்லிப் பாருங்கள். பிடரித் தோல் இழுபட்டுப் பிள்ளை முகம் சுளித்தால் றப்பருக்குக் கீழே ஒரு விரலை விட்டு மெல்லத் தளர்த்துங்கள்.

இனி வால் முடியை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்குங்கள். முறுக்கு ஏறியபின் இரண்டையும் ஒன்றோடொன்று இடப்பக்கமாகச் சுற்றுங்கள். தும்பில் கயிறு திரிக்கிற அதே கணக்கு: ஒரு திசையில் ஏறிய முறுக்கு, எதிர்த் திசைச் சுற்றில் மாட்டிக்கொள்ளும், அவிழ வழி இருக்காது. இரண்டையும் ஒரே திசையில் செய்தால் கையை எடுத்தவுடன் சுழன்று பிரியும். கொண்டை நிற்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இங்கேதான் பிழை. நுனியில் மெல்லிய றப்பர் போட்டு, அந்தக் கயிற்றை றப்பர் கட்டைச் சுற்றித் தட்டையாகச் சுருட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினால் உயரமாகும், உயர்ந்த கொண்டை ஆடும். நுனியைக் கொண்டைக்கு அடியில் செருகிவிடுங்கள்.

கொண்டை ஊசி குத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. ஊசியின் முனை கொண்டைக்கு வெளிப்பக்கம் பார்க்கும்படி பிடித்து, கொண்டையின் ஓரமும் தலையோடு ஒட்டிய முடியும் சேரும் இடத்தில் கொஞ்சம் முடியை இரண்டு காலுக்கும் இடையில் வாங்குங்கள். பிறகு ஊசியை அப்படியே கவிழ்த்து, முனை கொண்டையின் நடுவைப் பார்க்கத் தலையோடு படுக்கவைத்துத் தள்ளுங்கள். கவிழ்க்கும்போது பிடித்த முடி இறுகும், அந்த இறுக்கம்தான் ஊசியைத் தாங்கும். நேரே செருகின ஊசி பிள்ளை நான்கு தரம் குதித்தால் நிலத்தில் கிடக்கும். மணிக்கூட்டில் 12, 3, 5, 7, 9 இருக்கும் இடங்களில் ஐந்து ஊசி போதும். கீழ்ப்பக்கம் இரண்டு வருவது பாரம் அங்கே இருப்பதால்.

பிறகு பக்கப் பின்னல்கள். இடப்பக்கப் பின்னலைக் கொண்டைக்கு மேற்பக்கத்தால் சுற்றியும், வலப்பக்கத்தைக் கீழ்ப்பக்கத்தால் சுற்றியும் கொண்டுபோய், நுனிகளைக் கொண்டைக்கு அடியில் மறைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று மூன்று கறுப்புக் கிளிப் குத்துங்கள். மிச்சம் இரண்டும் காதோரத்துக்கு.

முடி மிகவும் மெல்லியதென்றால் கொண்டை எலுமிச்சங்காய் அளவில் நின்றுவிடும். பழைய கறுப்புக் காலுறை ஒன்றின் விரல் பகுதியை வெட்டிவிட்டு, மீதியை வெளிப்பக்கமாகச் சுருட்டி வளையமாக்குங்கள். வால் முடியை அதற்குள்ளால் எடுத்து, வளையத்தைச் சுற்றிக் குடை மாதிரி விரித்து, மேலே ஒரு றப்பரைப் போட்டு, வெளியே நீட்டும் முடியை வளையத்தைச் சுற்றி ஒதுக்கிக் குத்தினால் கொண்டை இரண்டு மடங்கு தெரியும். பாரமும் இல்லை. சவுரி முடி வைத்துக் கட்டுவது நடனத்துக்குச் சரி. நாள் முழுக்க ஓடித் திரியும் பிள்ளைக்குப் பாரம் அதிகம்.

பூவுக்கு முன் ஒரு சோதனை: பிள்ளையை எழும்பித் தலையை நன்றாக ஆட்டி, ஐந்தாறு தரம் குதிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பிடித்த கட்டம் இதுதான். கொண்டை அசைந்தால் இப்போதே ஊசியைத் திருத்துங்கள். புருவத்தை உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். உயர்த்த முடியவில்லை, அல்லது முடி வேரில் தோல் வெள்ளையாக மேடிட்டிருக்கிறது என்றால் பின்னல் இறுக்கம். அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லக் கூடாது. அடிக்கடி இப்படி இறுக்கினால் நெற்றியோர முடி கொட்டி, காலப்போக்கில் முளைக்காமலும் போகலாம். சீப்பின் வாலைப் பின்னலுக்கு அடியில் விட்டு இரண்டு மூன்று இடத்தில் மெல்ல நெம்பினால் தளரும்.

பூ

ஒரு முழம் சரம் பிள்ளையின் கொண்டையை இரண்டு சுற்றுச் சுற்றும். அதற்கு மேல் வேண்டாம். மூன்று முழம் பூவைத் தொங்கவிட்டால் பூவின் பாரமே கொண்டையை இழுத்துவிடும். காலையில் வைப்பதற்கு மொட்டாகக் கட்டின சரமே நல்லது. மல்லிகை பின்னேரம்தான் விரியும், பிள்ளை ஊஞ்சல் ஆடும் நேரத்தில் தலையில் பூ பூத்திருக்கும். விரிந்த பூவை வாங்கினால் மத்தியானமே மண்ணிறமாகிவிடும். வீட்டிலேயே கட்டுவதென்றால் நனைத்த வாழைநார் நல்லது. நூலைப்போல அறுக்காது, பூவின் காம்பு வதங்காது.

சரத்தை ஒரு வெள்ளைத் துணியின் மேல் உதறிப் பாருங்கள். சிற்றெறும்பு இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். தண்ணீர் தெளித்த பூவானாலும் சொட்டாமல் உதறி வையுங்கள். ஊசி பூவில் குத்தக் கூடாது, இரண்டு பூவுக்கு இடையில் தெரியும் நாரையோ நூலையோ பிடித்துக் குத்த வேண்டும். சரத்தின் இரண்டு நுனியும் கொண்டைக்குக் கீழே வந்து, பின்னலுக்கு அடியில் மறைய வேண்டும்.

மல்லிகையோடு நிறம் வேண்டுமென்றால் இடையிடையே கனகாம்பரம் வைத்துக் கட்டலாம், பாரமில்லாத பூ, சீக்கிரம் வாடாது. செவ்வரத்தை ஒன்றை காதோரம் வைத்தால் எடுப்பாக இருக்கும், ஆனால் அன்றைக்கே சுருங்கிவிடும், படம் எடுக்கும் நேரத்தில் வைத்தால் போதும். அலரி வேண்டவே வேண்டாம். எந்த நிறமானாலும் நஞ்சு, சின்னப் பிள்ளையின் கை தலைக்கும் வாய்க்குமாகப் போய்வரும். தாழம்பூ மடலின் ஓரம் அறுக்கும். துணிப்பூ, பிளாஸ்ரிக் பூ வைப்பவர்கள் குத்துவிளக்குக்கும் கற்பூரத் தட்டுக்கும் பிள்ளை குனியும்போது கூட நிற்க வேண்டும். அது சட்டென்று பற்றும், உருகித் தலையில் ஒட்டும்.

ரிபன் கட்டுவதென்றால் கொண்டைக்குக் கீழே ஒரு பூ முடிச்சு, தொங்கும் நுனி ஒரு சாண் நீளத்துக்கு மேல் வேண்டாம். ஊஞ்சல் கயிற்றில் முதலில் சிக்குவது ரிபன்தான். பளபளக்கும் வழுவழு ரிபன் தானாக அவிழும். கட்டுமுன் முடிச்சு வரும் இடத்தைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் நிற்கும். வெட்டின நுனியை நெருப்பில் ஒரு கணம் காட்டினால் நூல் பிரியாது. இதைப் பிள்ளையின் தலையில் கட்டும் முன் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

முடியும் நாளும் வேறானால்

கழுத்துக்கு மேல் வெட்டின முடியில் கொண்டை வராது. நெற்றிப் பக்கத்தில் ஒரே அளவில் நாலு சதுரமாகப் பிரித்து ஒவ்வொன்றையும் மெல்லிய றப்பரால் கட்டுங்கள். அதற்குப் பின்னால் மூன்று சதுரம். முன் வரிசைக் குடுமி ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, பக்கத்துக் குடுமியின் பாதியோடு சேர்த்துப் பின் வரிசையில் கட்டினால் தலைமேல் வலை விரித்தது போல வரும். மீன்பிடி ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாத வடிவம். இதற்கு நிற றப்பரே அலங்காரம், பூ வேண்டாம்.

சுருட்டை முடியைக் காயவிட்டு இழுத்தால் பஞ்சாகும், அறும். அந்த முடிக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் ஈரப்பதத்தோடு, பெரிய பல் சீப்பாலேயே வேலை செய்யுங்கள். பக்கப் பின்னலை விட்டு, உச்சி பிரித்து இரண்டு பக்கமும் உயரக் கட்டி அப்படியே உருண்டையாக விட்டால் அதுவே அழகு. சுருளை நேராக்கப் படாத பாடு படுவது வீண்.

பெருநாளுக்கு முக்காடு போடும் பிள்ளைக்கு இந்த உயரக் கொண்டை துணியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகைக்குப் போகும் பிள்ளைகளுக்கு, பக்கப் பின்னல் இரண்டையும் பிடரிவரை கொண்டுவந்து, பின்முடியோடு சேர்த்து ஒற்றைப் பின்னலாக இறக்கிவிடுங்கள். முக்காட்டை எடுத்தபிறகும் தலை அப்படியே இருக்கும், பின்னேரம் நுனியில் ரிபன் கட்டினால் போதும். முதல் நாள் இரவு மருதோன்றி வைப்பதென்றால் முன்கூட்டியே தலையை இழுத்துக் கட்டிவிடுங்கள். கையில் மருதோன்றி காயும் நேரத்தில்தான் பிள்ளைக்குத் தலை கடிக்கும்.

ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் குளத்தில் தீர்த்தமாடினாலும் திருக்கோவில் கடலில் தீர்த்தமாடினாலும் கொண்டையும் பூவும் வேண்டாம். இரண்டு பின்னல் போட்டுக் கூட்டிப் போய், முழுகியபின் அவிழ்த்துக் காயவைத்து வேண்டியதைச் செய்யலாம். உப்புநீர் ஊறிய கொண்டை வீடு வரும்வரை ஈரமாகவே கிடக்கும், வீச்சமும் எடுக்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு இரவிரவாகக் கோயிலில் இருக்கும் பிள்ளைக்கும் ஊசி இல்லாத பின்னல்தான் உகந்தது, பாயில் புரண்டு படுக்க வேண்டுமே.

கழற்றுவது

இந்தத் தலையோடு பிள்ளையை இரவு படுக்கவைக்கக் கூடாது. முதலில் பூவை எடுங்கள், பிறகு ஊசி, பிறகு கிளிப். மெல்லிய றப்பரை இழுத்துக் கழற்ற வேண்டாம், சின்னக் கத்தரியின் நுனியை முடிக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வெட்டிவிடுங்கள். துணி றப்பரைச் சுற்றுச் சுற்றாக எடுக்கலாம். பின்னலை நுனியிலிருந்து விரலால் பிரித்தபின், சீப்பைப் போடும் முன் ஐந்து நிமிடம் விரல் நுனியால் தலையைத் தடவிக்கொடுங்கள். நாள் முழுக்க ஒரு பக்கம் இழுபட்ட வேர் நோகும், உடனே சீப்புப் போட்டால் பிள்ளை அடுத்த விசேசத்துக்குத் தலையைக் காட்டாது. அதன்பிறகு எண்ணெய் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். அடுத்த இரண்டு மூன்று நாள் தளர்வான ஒற்றைப் பின்னல் போதும்.

கழற்றின ஊசியையும் கிளிப்பையும் எண்ணுங்கள். குத்தினது ஐந்தும் எட்டும் என்றால் கையில் பதின்மூன்று இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் பிள்ளையின் தலையில் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, பாயையும் தலையணையையும் உதறிய பிறகு படுக்கவையுங்கள்.